போனென்காய் கரோக்கேல பாட ஒரு குளிர்காலப் பாட்டு வேணும்

நாகோயா_நாடோடி:

வணக்கம் மக்களே. நாகோயால வேலை பாக்கறேன், இந்த மாசம் மூணாவது வாரம் எங்க டீமுக்கு போனென்காய், அதாங்க வருஷக் கடைசி பார்ட்டி, சாப்பாடு முடிஞ்சதும் மொத்தமா கரோக்கே போறது வழக்கமாம். மேனேஜர் இப்பவே "உங்க பாட்டு ஒண்ணு கண்டிப்பா உண்டு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாரு, கூப்பிடறாரா மிரட்டறாரான்னு தெரியல. ஜப்பான் எழுத்துல ஹிரகானா, கதகானா சரளமா படிப்பேன், சீனத்துலேர்ந்து வந்த கான்ஜிதான் நொண்டும். இந்த சீசனுக்குப் பொருத்தமா ஒரு ஜப்பான் பாட்டு பாடினா நல்லாருக்கும்னு பாக்கறேன், ஆனா எனக்குத் தெரிஞ்சது சூப்பர் மார்க்கெட்ல ஓயாம ஓடற யமாஷிதா தாட்சுரோவோட 'கிறிஸ்துமஸ் ஈவ்' மட்டும்தான். அதையே பாடிரலாமா? டீம்ல இப்பதான் காலேஜ் முடிச்ச பசங்களும் இருக்காங்க, ரிட்டயர் ஆகப் போறவங்களும் இருக்காங்க. என் குரல் சுமார், மேல போனா கிழிஞ்சிரும்.

கேசட்_காலத்தவன்:

அந்தப் பாட்டு எனக்கு உசுரு, ஆனாலும் பாடாதீங்கன்னுதான் சொல்வேன். நடுவுல ஒரு இடம் வரும் பாருங்க, வாத்தியம் எல்லாம் நின்னு வெறும் குரல்லயே பாக்கெல்பெல்லோட பழைய மேற்கத்திய இசை 'கேனன்' ஓடும், அது அத்தனையும் யமாஷிதா தன் ஒத்தைக் குரலையே அடுக்கடுக்கா ரெக்கார்ட் பண்ணினது. ஸ்பீக்கர்ல கேட்டா சொர்க்கம். கரோக்கே ரூம்ல அந்த நேரம் நீங்க மைக்கை வச்சுக்கிட்டு சும்மா நிக்கணும், பக்கத்துல இருக்கறவன் இன்னொரு பீர் ஆர்டர் பண்ணிக்கிட்டு இருப்பான்.

நாகோயான்னு சொன்னதால ஒரு கதை. இந்தப் பாட்டு வந்தது 1983ல, ஆல்பம் வெளியானது ஜூன் மாசம், நல்ல வெயில் காலத்துல! சிங்கிளா நவம்பர்ல போட்டாங்க, அப்ப பெரிய ஹிட் எல்லாம் இல்ல. அப்புறம் உங்க ஊர்ல தலைமையகம் வச்சிருக்கற ஜேஆர் டோகாய் ரயில் கம்பெனி 1980கள் முடியற நேரத்துல கிறிஸ்துமஸ் விளம்பரத்துக்கு இதை எடுத்துச்சு, ஷின்கான்சென் புல்லட் ரயில்ல வர்ற காதலனுக்காக ஸ்டேஷன்ல காத்திருக்கற பொண்ணு, அந்த மாதிரி. 1989 விளம்பரத்துல நடிகை மாகிசே ரிஹோ கையில பரிசுப் பொட்டியோட ஓடி வந்து தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும், அதை எடுத்ததே நாகோயா ஸ்டேஷன்லதான். அந்த வருஷம்தான் பாட்டு ஓரிகான் சார்ட்ல முதல் இடத்துக்கு வந்துச்சு, வெளியாகி ஆறு வருஷம் கழிச்சு. வேடிக்கை என்னன்னா பாட்டுல அவன் "நீ வரமாட்டே"ன்னு பாடறான், விளம்பரத்துல ஆள் வந்துடறாங்க. அதைப் பத்தி ஒருத்தரும் கவலைப்படல, நாடே சேர்ந்து இதைக் காதல் பாட்டா வச்சுக்கிச்சு.

தேநீர்_தங்கச்சி:

அண்ணா, கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இங்க ஒரு எக்ஸ்பைரி டேட் உண்டு, 25ம் தேதி ராத்திரியோட சரி. 26 காலைல கடைக்குப் போய்ப் பாருங்க, மரமெல்லாம் காணாமப் போய் மூங்கிலும் பைனும் வச்ச புது வருஷ அலங்காரம் வந்து உக்காந்திருக்கும். உங்க பார்ட்டி மூணாவது வாரம்ங்கறதால தப்பிச்சீங்க.

நான் சொல்ல வந்தது எதைத் தொடக்கூடாதுன்னுதான். ரெமியோரோமென் பேண்டோட 'கோனாயுகி', 2005ல ஒரு அழுகாச்சி டிவி சீரியல்ல வந்து எல்லார் வாயிலயும் ஒட்டிக்கிச்சு. ஆரம்பம் முணுமுணுப்பு மாதிரி இருக்கறதால ஆம்பளைங்க எல்லாம் நம்பி எடுப்பாங்க, கோரஸ் வந்ததும் "கோனாஆஆ"ன்னு ஒரே தாவு, அங்கதான் எல்லார் மானமும் போகும். குரல் கிழியும்னு வேற சொல்றீங்க.

நகாஷிமா மிகாவோட 'யுகி நோ ஹானா' (2003) ரொம்ப அழகு. மெதுவா போறதால சோகப் பாட்டுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, உண்மையில ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல நின்னு வருஷத்தோட முதல் பனி விழறதைப் பாக்கற பாட்டு அது. கொரியாலயும் பெரிய ஹிட், பார்க் ஹியோ ஷின் பாடி ஒரு சீரியல்ல வந்துச்சு. ஆனா ஒன்பது மணிக்கு, எல்லாரும் கொஞ்சம் ஏத்திக்கிட்டு கை தட்டற மூட்ல இருக்கும்போது இதைப் போட்டா ரூமே தூங்கிரும். சின்னப் பசங்களுக்காகன்னா பேக் நம்பர்ங்கற பேண்டோட 'கிறிஸ்துமஸ் சாங்' (2015), ஆனா அதுவும் சொல்லாத காதல், தவிப்பு, அதே கதைதான். இவங்களுக்குக் குளிர் வந்தாலே யாருக்காவது காத்திருக்கணும் போல!

வடக்குத்_திசை:

ரிட்டயர் ஆகப் போறவங்க இருக்காங்கன்னு சொன்னதுக்கு அப்புறமும் யாரும் எங்கா, அதாங்க பழைய பாணி ஜப்பான் சோகப் பாட்டு, அது பக்கமே போகலையே? இஷிகாவா சாயுரியோட 'ட்சுகாரு கைக்யோ ஃபுயுகெஷிகி', 1977. இதுவும் குளிர்காலப் பாட்டுதான், சொல்லப்போனா இதுதான் குளிர்காலப் பாட்டு. டோக்கியோ உஎனோ ஸ்டேஷன்ல கிளம்பின ராத்திரி ரயில் வடக்கே அவோமோரிக்கு வந்து சேருது, ஸ்டேஷன் பூரா பனி, வடக்கே ஊர் திரும்பற கூட்டத்துல ஒருத்தரும் வாய் திறக்கல, கடல் இரைச்சல் மட்டும் கேக்குது. அங்கேர்ந்து ஹொக்கைடோ தீவுக்கு அப்ப கப்பல்லதான் போகணும். 1988ல கடலுக்கு அடியில செய்கான் சுரங்கப்பாதை திறந்தாங்க, அதோட அந்த ரயில்வே கப்பல் சர்வீஸ் நின்னுபோச்சு, இப்ப ஷின்கான்செனே அடியில போகுது. ஆனா பாட்டுல வர்ற பொண்ணு இன்னும் கப்பல் மேல நின்னுக்கிட்டுதான் இருக்கா.

31ம் தேதி ராத்திரி என்எச்கே டிவில 'கோஹாகு' பாட்டு நிகழ்ச்சி பாக்கறவங்களுக்குத் தெரியும், இஷிகாவா ரொம்ப வருஷமா ஒரு வருஷம் இது, மறுவருஷம் 'அமாகி கோஎ'ன்னு மாத்தி மாத்திப் பாடிட்டு இருந்தாங்க. 2024ல மட்டும் ரெண்டையும் விட்டுட்டு 'நோதோ ஹன்தோ' பாடினாங்க, அந்த வருஷம் ஜனவரி 1 நோதோல பூகம்பம் வந்துச்சு இல்லையா, அதுக்காக.

பாட்டுல தாப்பிங்கற முனை வரும். அங்க போனா ஒரு கல்வெட்டு இருக்கு, பட்டனை அமுக்கினா பாட்டு அலறும், அந்தக் காத்துலயும் தூரத்துக்குக் கேக்கும். பக்கத்துலயே வெறும் படிக்கட்டா போற நேஷனல் ஹைவே வேற, 339ம் நம்பர், வண்டியே போக முடியாது. நேரம் கிடைச்சா போய்ட்டு வாங்க.

பாடறதுக்கு வேகம் இல்ல, வார்த்தை கம்மி. குரலை வளைச்சு ஆட்டணும், நம்ம கமகம் மாதிரி, கொஞ்சம் சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்கு அது தன்னால வரும்.

நாகோயா_நாடோடி:

எல்லாருக்கும் நன்றி, ரொம்ப. எங்கா ஐடியா பிடிச்சிருக்கு ஆனா சங்கீதம் கத்துக்கிட்டது என் அக்கா, நான் இல்ல :) அதோட பசங்க போன் நோண்ட ஆரம்பிச்சிருவாங்கன்னு பயம். ரெண்டு பக்கமும் தெரிஞ்ச, அழுமூஞ்சி இல்லாத பாட்டு ஒண்ணுகூடவா இல்ல?

கேசட்_காலத்தவன்:

இருக்கு, அதுவும் உங்க ஊர் கம்பெனி கொடுத்ததுதான். அல்பென்னு ஸ்கீ சாமான், விளையாட்டு சாமான் விக்கற கடை, பாத்திருப்பீங்க. அவங்க விளம்பரத்துக்கு ஹிரோசே கோமி பாடின 'ரொமான்ஸ் நோ காமிசாமா', 1993 டிசம்பர். அப்ப இங்க ஸ்கீ பைத்தியம் பிடிச்சு அலைஞ்ச காலம், அந்தப் பாட்டு கேட்டாலே பனிச்சறுக்குதான்னு ஒரு தலைமுறைக்கே மனசுல பதிஞ்சிருச்சு. ஆனா வரிகளைப் படிச்சுப் பாருங்க, பனியும் இல்ல ஸ்கீயும் இல்ல. ஆபீஸ் போற பொண்ணு ஒருத்தி, இன்னிக்கு ராத்திரி பார்ட்டில நல்ல பையனா மாட்டுவானா, வயசு என்ன வேலை என்னன்னு நைசா விசாரிக்கணும்னு கணக்குப் போடறா. போனென்காய்க்கு இதைவிட என்ன வேணும்?

தேநீர்_தங்கச்சி:

அய்யோ ஆமா! இது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு. 2021 - 22 குளிர்காலத்துல டிக்டாக்ல இதுக்கு டான்ஸ் ஆடி ஆடி மறுபடி ஹிட் ஆச்சு, அதனால உங்க டீம் பசங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா ஹிரோசே கோமி குரல் வானத்துல இருக்கும், அண்ணன் அதே ஸ்தாயில பாடினா ஆம்புலன்ஸ்தான்.

வடக்குத்_திசை:

மெஷின்ல கீ குறைக்கற பட்டன் எதுக்கு இருக்கு, நாலோ அஞ்சோ படி இறக்கிட்டுப் பாடட்டும். அப்பவும் இடிச்சா ஒரு ஸ்தாயி கீழ பாடலாம். கான்ஜி மேலயே சின்னதா ஹிரகானா வரும், அதனால வரி பிரச்சினை இல்ல, வேகம்தான் பிரச்சினை. முதல் பாதில வார்த்தை கொட்டும், வீட்ல நல்லா பழகிக்கங்க. கோரஸ்ல "பாய் மீட்ஸ் கேர்ள்"னு ஆரம்பிச்சு விட்டீங்கன்னா போதும், மீதியை ரூமே பாத்துக்கும்.

எங்காவை அடுத்த வருஷம் பாடுங்க, விடமாட்டேன்.

நாகோயா_நாடோடி:

கேட்டுட்டேன், செம பாட்டு. வேகம்தான் பேய் வேகம். மேனேஜர் கிட்ட பாட்டு பேரை முன்னாடியே சொல்லிரவா, இல்ல அங்க போய் சர்ப்ரைஸா போடவா?

தேநீர்_தங்கச்சி:

சொல்லாதீங்க. சொன்னா அவரே முதல்ல பாடிருவாரு.