அம்மம்மாவின் அண்ணன் படத்தில் மெடல் எப்படி வந்தது?

கல்லடிப் பொடியன்:
அம்மம்மாவுக்கு 91 வயது. மண்டூர் வீட்டில் அவவின் ட்ரங்குப் பெட்டியைத் துப்புரவாக்கினபோது அவவின் மூத்த அண்ணனின் படம் கிடைத்தது. (கல்லடியில் எங்களிடம் இருந்த படம் எல்லாவற்றையும் 2004இல் கடல் கொண்டுபோய்விட்டது, அதனால் இது ஒன்றுதான் மிச்சம்.) இருபது இருபத்தொரு வயசு, மீசை சரியாக முளைக்கவில்லை, காக்கிச் சட்டை, இடப்பக்க நெஞ்சில் மூன்று மெடல், அதில் ஒன்று நட்சத்திரம். பிரிட்டிஷ் பட்டாளத்தோடு எகிப்துக்குப் போனவர், 1943இல் அங்கிருந்து அனுப்பிய படம் என்கிறா. மச்சான் சிரிக்கிறான், ஸ்டூடியோவில் வாடகைக்கு மாட்டினதாம். யார் சொல்வது சரி? அதோடு, படத்தின் ஒரு மூலை பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கிறது, பிரிக்கலாமா?

வாவிக்கரை:
தம்பி, எகிப்துக்குப் போனது நம்பக்கூடிய கதைதான். இரண்டாம் உலக யுத்தத்தில் இலங்கைப் பொடியன்மார் பலர் ராயல் ஆமி சர்வீஸ் கோரில் (பட்டாளத்தின் போக்குவரத்து, வழங்கல் பிரிவு) சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போனவர்கள். இடிக்கிறது அந்த 1943தான். எகிப்து உட்பட வட ஆப்பிரிக்காவில் சேவை செய்தவர்களுக்கான நட்சத்திர மெடல், ஆப்பிரிக்கா ஸ்டார், அதை அறிவித்ததே அந்த வருசம் யூலையில். யுத்தம் நடக்கும்போது கொடுத்தது ரிபன் துண்டு மட்டும், சட்டைப் பைக்கு மேலே பட்டையாகத் தைத்துக்கொள்வார்கள். உலோகத்தில் செய்த மெடல் யுத்தம் முடிந்த பிறகுதான், 1948 வாக்கில் அனுப்பத் தொடங்கினார்கள். அப்போ 1943 படத்தில் மெடல் தொங்குகிறது என்றால், ஒன்றில் வருசம் பிழை, இல்லாவிட்டால் மெடல் பிறகு வந்து ஏறியிருக்கிறது. நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த யுத்தத்து ஸ்டார் எல்லாவற்றுக்கும் ஆறு முனை, நடுவில் கிரீடமும் அரசரின் எழுத்தும் இருக்கும். பக்கத்தில் வட்ட மெடல் இருந்தால் அது வோர் மெடலாக இருக்கலாம், ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் சிங்கம்.

மருதமுனை ஸ்டூடியோ:
முதலில் அந்த மூலையில் கை வைக்காதீங்க! ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் பண்ணுங்க, அல்லது ஜன்னல் பக்கம் வைத்துச் சரித்துப் படம் எடுங்க.

அப்புறம் மச்சானின் வாடகைக் கதை. எங்கட வாப்பாவின் ஸ்டூடியோவில் இரண்டு கோட், நாலு டை ஆணியில் தொங்கும், வாறவர்கள் போட்டுக்கொள்வார்கள். மெடல் இருந்ததில்லை. ஆனால் தூரிகை இருந்தது. மௌத்தானவரின் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து கோட் டை போட்டுத் தாங்க என்பார்கள், வாப்பா இரவிரவாக இருந்து வரைவார். கழுத்தில் ஒரு கோடு தெரியும், தெரிந்தவனுக்கு மட்டும். போன் டோர்ச்சை ஒரு பக்கத்தில் தாழ்த்திப் பிடித்துப் பாருங்க, படம் மினுங்கி மெடல் மட்டும் மங்கலாக இருந்தால் அது மை.

கல்லடிப் பொடியன்:
பார்த்தேன். சட்டைப் பொத்தான் மினுங்குது, மெடல் மூன்றும் சாம்பல் பூசினது போல. நட்சத்திரத்துக்கு ஐந்து முனை, மூன்று தரம் எண்ணினேன். பைக்கு மேலே, மைக்கு அடியில், மெல்லிசாக ஒரு பட்டையும் தெரியுது.

அம்மம்மாவிடம் கொஞ்சம் பயந்துதான் கேட்டேன். கோபிக்கவில்லை. ஆள் 1946இல் திரும்பி வந்தாராம், மெடலுக்கு எழுதிப்போடச் சொன்னபோது "அந்த இரும்பை வைத்து என்ன செய்ய" என்று வயலுக்குப் போய்விட்டாராம். ஊரில் இன்னொருவர் கோயிலுக்கு மெடலோடு வந்ததை அண்ணனின் தாய் கண்டு, மகனுக்குச் சொல்லாமல் படத்தை டவுனுக்குக் கொண்டுபோய் வரைவித்தாவாம். அவர் அதைக் கண்டதும் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டார், தாய் திரும்பத் திருப்பினா, அது அப்படியே கொஞ்சக் காலம் நடந்ததாம்.

வாவிக்கரை:
மச்சானும் முழுசாகத் தோற்கவில்லை, அம்மம்மாவும் தோற்கவில்லை. அடியில் தெரிகிற பட்டைதான் அவருடைய நிஜ ரிபன், அப்போ படமும் 1943 கடைசிதான். எழுதிப்போடாதவர்களுக்கு அந்தப் பட்டாளத்து மெடல் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். நெருங்கிய உறவினர் இப்போதும் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதலாம், அவருடைய படை இலக்கம் இருந்தால் வேலை சுலபம். சம்பளப் புத்தகம், விடுவித்த கடதாசி ஏதும் பெட்டியில் இருக்கா?

கல்லடிப் பொடியன்:
பெட்டியின் அடியில் பழைய பத்திரிகை விரித்திருக்கு, அதற்குக் கீழே இன்னும் பார்க்கவில்லை. சனிக்கிழமை மண்டூர் போகிறேன். மெடலுக்கு எழுதவா என்று அம்மம்மாவிடம் கேட்டேன், "அண்ணன் வேண்டாமென்றது, அம்மா வேணுமென்றது, நீ யாருக்காக எழுதப் போறாய்?" என்கிறா.