மறு: இன்டர்எஸ்டரிஃபிகேஷன் – ‘கொழுப்பமில இடமாற்றம்’ எனலாமா?

> எஸ்டராக்கம் ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறது, ‘இடையெஸ்டராக்கம்’ என்றே வைத்துவிடலாமே?

நண்பர்களுக்கு வணக்கம்.

இன்டர்எஸ்டரிஃபிகேஷனுக்கு நம் அகராதியில் ‘இடையெஸ்டராக்கம்’ என்று வைப்பது எனக்கு ஒப்பவில்லை. எஸ்டராக்கம் என்றால் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர் உண்டாவது. எண்ணெயிலோ எஸ்டர் முன்பே இருக்கிறது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் கிளிசரால் என்ற ஓர் ஆல்கஹாலோடு மூன்று கொழுப்பமிலங்கள் ஒட்டியிருக்கின்றன. இந்த வினையில் அவை கழன்று, இடம் மாறி, பக்கத்து மூலக்கூறிலும் போய் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். அமிலங்கள் அதேதான், ஆனால் உருகுநிலை மாறிவிடுகிறது. பாமாயிலின் கெட்டிப் பகுதியோடு சூரியகாந்தி எண்ணெயைச் சேர்த்து இப்படிச் செய்தால் ரொட்டியில் தடவும் பதத்தில் மார்கரின் கிடைக்கும், இந்த வினையில் டிரான்ஸ் கொழுப்பு உண்டாவதும் இல்லை. அது வருவது பழைய வனஸ்பதி முறையில், அதாவது எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கும் பகுதி ஹைட்ரஜனேற்றத்தில். 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்துக்கு மேல் அது இருக்கக் கூடாது. வாசகர் நம் வினையையும் ஹைட்ரஜனேற்றத்தையும் ஒன்றென்று நினைத்துவிடாதபடி பெயர் இருக்க வேண்டும், அதனால்தான் ‘இடமாற்றம்’ என்கிறேன்.

சரி, நொதிக்கு வருவோம். இந்த இடமாற்றத்துக்கு வேதி வினையூக்கியான சோடியம் மெத்தாக்சைடு போட்டால் மூன்று இடங்களும் கலைந்து எது எங்கே போகும் என்ற கட்டுப்பாடே இருக்காது. கொழுப்பை வெட்டும் நொதிகளான லிப்பேஸ்களில் சில ஓரத்து இரண்டு இடங்களை மட்டும் மாற்றும், நடுவிடத்தைப் பெரும்பாலும் தொடாது. இவற்றை ‘இடந்தேர் நொதி’ எனலாம். இந்த வேறுபாடு சின்ன விஷயமில்லை. தாய்ப்பால் கொழுப்பில் பால்மிட்டிக் அமிலம் பெரும்பாலும் நடுவில் இருக்கிறது, பாமாயிலில் ஓரங்களில். குழந்தையின் குடல் ஓரத்து அமிலங்களை வெட்டிவிடும்போது தனித்த பால்மிட்டிக் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாகி மலத்தோடு போய்விடுகிறது, மலமும் இறுகுகிறது. அதனால்தான் குழந்தைப் பால்மாவுக்கு நடுவில் பால்மிட்டிக் வைத்த கொழுப்பை நொதியைக் கொண்டு செய்கிறார்கள்.

ஒரு மறுப்பு வரும், நியாயமானதும்கூட: கொக்கோ வெண்ணெய்க்கு ஈடாக ஒன்று செய்ய பாமாயிலைப் பிரிக்கும்போது கெட்டிக்கும் நீர்மத்துக்கும் இடையில் கிடைக்கும் பகுதியோடு ஸ்டியரிக் அமிலத்தை வெளியிலிருந்து சேர்க்கும்போது அது வெறும் இடமாற்றமா? இல்லை. அதற்கு ‘அமிலப் பதிலீடு’ என்று தனிப் பெயர் வைத்துவிடலாம்.

லிப்பேஸ் அப்படியே இருக்கட்டும். ‘நொதி’ என்பதை இலங்கை நண்பர்கள் ‘நொதியம்’ என்று எழுதுவார்கள், அகராதியில் இரண்டையும் கொடுப்போம். ‘இடந்தேர்’ பற்றித்தான் உங்கள் கருத்து முக்கியமாக வேண்டும்.