ஊசி போட்ட ராத்திரி உங்க வீட்ல என்ன நடந்துச்சு? மும்பைக்காரங்க கொஞ்சம் சொல்லுங்க

கோவண்டி மருமக:
பொண்ணுக்கு பதினேழாவது மாசம் நடக்குது. ரெண்டாவது எம்ஆர் ஊசிக்கு, அதான் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு, எங்க ஏரியா சுகாதாரப் பணியாளர் ஆஷா தாயி மூணு தடவ வீட்டுக்கு வந்துட்டு போயிட்டாங்க, நான்தான் அடுத்த வாரம் அடுத்த வாரம்னு தள்ளிட்டே இருக்கேன். ஒன்றரை மாசத்துல பென்டா, அதான் அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி, போட்டப்போ தொடை கல்லு மாதிரி வீங்கி ராத்திரி 102 காய்ச்சல், விடிய விடிய ஈரத்துணி போட்டு உக்காந்திருந்தேன். போட்ட சிஸ்டர் "குச் நஹீ ஹோகா", ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்லி அனுப்புனாங்க. இப்ப மாமியார் வேற, மணல்வாரி, அதான் தட்டம்மை, எல்லா புள்ளைக்கும் வர்றதுதான, வேப்பிலை கட்டி மூணு தண்ணி ஊத்துனா எறங்கிரும், நல்லா இருக்குற புள்ளைக்கு எதுக்கு நாமளே காய்ச்சல வரவழைக்கணும்னு கேக்குறாங்க. எனக்கு பதில் சொல்ல தெரியல. உங்க வீட்ல நடந்தத சொல்லுங்க, திட்டாதீங்க.

சீத்தா கேம்ப் அக்கா:
திட்ட மாட்டேன்மா. 2022 கடைசியில உங்க கோவண்டி பக்கம்தான் கோவர், அதான் இந்த மணல்வாரி, கெளம்புச்சு, ஞாபகம் இருக்கா? என் நாத்தனார் பையனுக்கு ஒரு எம்ஆர் கூட போடல, ஊருக்கு போனோம் வந்தோம்னு விட்டுட்டாங்க. முத்து போட்டதும் எங்க ஆச்சி சொன்னபடி வேப்பிலை, இளநி, வீட்டுக்குள்ள தாளிக்க கூடாது, எல்லாம் பண்ணோம். நாலாவது நாள் நெஞ்சு இழுக்க ஆரம்பிச்சுது பாரு, வாய்க்குள்ள எல்லாம் புண்ணு, பால் கூட எறங்கல. டாக்ஸி புடிச்சு கஸ்தூர்பா ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம், நிமோனியான்னாங்க. அந்த வார்டுல வரிசையா புள்ளைங்க கெடந்தத பாத்தப்பறம் மணல்வாரி எல்லாருக்கும் வர்றதுதானங்கற பேச்சு என் வாய்ல வரவே இல்ல. பையன் பொழச்சுட்டான், ஆனா அடுத்த ஆறேழு மாசம் சளி, வயித்துப்போக்குன்னு ஏதாவது ஒண்ணு. தட்டம்மை வந்தா உடம்பு ஏற்கெனவே கத்து வச்சிருந்த எதிர்ப்பு சக்தியையும் அழிச்சுட்டு போயிடுமாம், டாக்டர் சொன்னாரு.

ஆன்டாப் ஹில்காரன்:
எங்க அப்பா கதை வேற. 2021 ஏப்ரல்ல நடிகர் விவேக் கோவிட் ஊசி போட்டுக்கிட்டு மறுநாளே மயங்கி விழுந்து 17ஆம் தேதி இறந்தாரு இல்ல, அன்னைக்கு காலைல டிவிய ஆஃப் பண்ணிட்டு "நான் போட மாட்டேன், கேக்காத"ன்னுட்டாரு. அந்த இறப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லன்னு மத்திய அரசு குழு சொல்ல அக்டோபர் ஆயிடுச்சு, அதுக்குள்ள எங்க பில்டிங்ல ஊசி போடாத ரெண்டு பேர டெல்டா கொண்டு போயிருச்சு. அப்பறம்தான் அப்பா கோவிஷீல்டு போட்டாரு, ரெண்டு நாள் கைய தூக்க முடியல, என்னை திட்டிக்கிட்டே இருந்தாரு. 2024ல கோவிஷீல்டால ரத்தம் உறையலாம்ங்கற நியூஸ் வந்ததும் மறுபடி ஃபோன், "பாத்தியா, அன்னைக்கே சொன்னேன்"னு. அது ரொம்ப அபூர்வம்ப்பா, வந்தாலும் ஊசி போட்ட சில வாரத்துக்குள்ள வர்றது, மூணு வருஷம் கழிச்சு வராதுன்னு சொன்னேன். நம்புனாரான்னு தெரியல, சீட்டாட போயிட்டாரு.

சயன் கோலிவாடா அப்பா:
எல்லாரும் ஊசிக்கு ஆதரவா எழுதுவீங்கன்னு தெரியும், அதனாலயே எழுதுறேன். என் பையனுக்கு எம்ஆர் போட்டு ஒன்பதாவது நாள் காய்ச்சல் ஏறி ஃபிட்ஸ் வந்துச்சு. கண்ணு மேல சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்து, ரெண்டு நிமிஷம் இருக்கும், எனக்கு ரெண்டு வருஷம் மாதிரி. ஊசி போட்ட எடத்துக்கு போய் சொன்னா "ஊசியால எல்லாம் வராது"ன்னு வெரட்டாத குறை. எனக்கு கோபம் ஃபிட்ஸ் மேல கூட இல்ல, அந்த பதில் மேலதான். அப்பறம் ஒரு குழந்தை டாக்டர் பொறுமையா உக்கார வச்சு, ஊசி காய்ச்சல்ல வந்த வலிப்புதான், மூணு நாலாயிரம் டோஸுக்கு ஒரு புள்ளைக்கு இப்படி வரலாம், மூளைக்கு பாதிப்பு இல்ல, தட்டம்மையே வந்திருந்தா காய்ச்சலும் பெருசு, ஆயிரத்துல ஒருத்தருக்கு மூளையே வீங்கும்னு சொன்னாரு. ரெண்டாவது டோஸ் போட்டேன். போட்டுட்டு ரெண்டு வாரம் தூங்கல, அதையும் சொல்லிடுறேன்.

பழைய நர்ஸம்மா, செம்பூர்:
சயன் தம்பி சொல்றது நியாயம். இருபது வருஷம் ஊசி போட்டிருக்கேன், நானும் "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி அனுப்புனவதான். க்யூ அவ்ளோ நீளமா நிக்கும், வாய் தானா அத சொல்லிடும். ராத்திரி காய்ச்சல் வந்ததும் அந்த அம்மாவுக்கு நான் பொய்க்காரி ஆயிடுவேன், அடுத்த தடவ வர மாட்டா. அப்பறம்தான் மாத்தி சொல்ல ஆரம்பிச்சேன்: பென்டான்னா அன்னைக்கு ராத்திரியே காய்ச்சல் வரும், அதுல இருக்குற கக்குவான் இருமல் மருந்துதான் காரணம், ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். எம்ஆர்ன்னா அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு வாரம் பன்னெண்டு நாள்ல காய்ச்சலோ லேசான தடிப்போ வரலாம், ஏன்னா உயிரோட இருக்குற பலவீனமான கிருமி உள்ள போய் பெருக அவ்ளோ நாள் ஆகும். ஊசி போட்டதும் அரை மணி நேரம் உக்கார சொல்றது பெரிய அலர்ஜிய புடிக்கத்தான், அது பத்து லட்சத்துல ஒண்ணு ரெண்டு.

பரேல்ல ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் போர்டு பாத்திருப்பீங்க. அந்த ஹாஃப்கின்ங்கற மனுஷன் 1897 ஜனவரி 10ஆம் தேதி இதே பம்பாய்ல பிளேக் ஊசிய முதல்ல தன் உடம்புலயே போட்டுக்கிட்டாரு, நல்லா காய்ச்சல் அடிச்சிருக்கு. நமக்கு என்னன்னு கேக்குறீங்களா, சும்மா ஞாபகம் வந்துச்சு.

கோவண்டி மருமக:
யாருமே எனக்கு நாள் கணக்கு சொன்னதில்ல அக்கா. ஒன்பதாம் மாச ஊசிக்கு அப்பறம் ஒரு வாரம் கழிச்சு காய்ச்சல் வந்துச்சு, நான் பல்லு மொளைக்குதுன்னு நெனச்சேன். மாமியார்கிட்ட கஸ்தூர்பா கதைய படிச்சு காட்டுனேன், ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு போய் குழந்தை கார்டு எங்கன்னு தேடுறாங்க. வர்ற புதன்கிழமை கூட்டிட்டு போறேன். காய்ச்சல் மருந்து முன்னாடியே குடுக்கலாமா?

பழைய நர்ஸம்மா, செம்பூர்:
வேணாம்மா, வந்தா குடு. அளவு புள்ளையோட எடைக்கு தக்கபடி, அங்கயே எடை போட சொல்லி கார்டுல எழுதி வாங்கிக்கோ. அன்னைக்கே வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் உண்டு, மறக்காம கேளு.