ஏற்காட்டு ஈரத்துக்கு ஃப்ளோட்டர் பிரேம்: தேக்கா, சில்வர் ஓக்கா?

மலைக்காப்பி:
ஏற்காட்டுல இருக்கேங்க. 24க்கு 36 அங்குலம் கேன்வாஸ், அக்ரிலிக். துணியை இழுத்துக் கட்டின உள்கட்டை ஒன்றரை அங்குல ஆழம். காப்பிப் பூ பூத்த கிளை ஒண்ணு பக்கவாட்டு வரைக்கும் ஓடுது, ஓரத்தையும் வரைஞ்சிருக்கேன். சாதா பிரேம் போட்டா கிளை நுனி மறைஞ்சிடும். அதான் ஃப்ளோட்டர் தேடறேன், கேன்வாஸ் ஓரத்தை மூடாம சுத்தி இடைவெளி விட்டு நிக்கற சட்டம். சேலத்துல ஒரு கடையில கேட்டா, சாமி படத்துக்குச் சொல்ற மாதிரி "கண்ணாடி போட்டுடலாம்மா, தூசி படியாது"ங்கறார்! தோட்டத்துல வெட்டின சில்வர் ஓக் பலகை கிடக்கு, அதுலயே அடிச்சிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். இல்ல, தேக்குக்கே போயிடட்டுமா? இடைவெளி எவ்வளவு விடணும்?

இழைப்புளி:
அக்கா, எந்த மரம்ங்கறது அப்புறம். எங்க காஞ்ச மரம்? அதைச் சொல்லுங்க முதல்ல. சேலத்து வெயில்ல காஞ்ச தேக்கே ஆனாலும் மேல வந்து மழைக்காலத்தைப் பார்த்தா கொஞ்சம் ஊதத்தான் செய்யும். பச்சை சில்வர் ஓக்னா கேக்கவே வேணாம், சுருங்கிச் சுருங்கி மூலை வாயைப் பிளந்துடும்.

மரம் நீளவாக்குல பெருசா அசையாது, அகலவாக்குலதான் ஆட்டம். அதனால முகப்பு ஒடுக்கமா வைங்க, அரை அங்குலம் தாராளம். பார்க்கவும் அதுதான் அழகு.

இடைவெளி சுத்தி ரெண்டு நூல், அதாவது கால் அங்குலம். உள்ளளவு 24½க்கு 36½ வரும். ஆனா கேன்வாஸை டேப் வெச்சு நீங்களே அளங்க. 24ன்னு வாங்கினதுல மூலையில துணி மடிஞ்ச இடம் ஒரு நூல் கூடவே இருக்கும். சட்டம் கேன்வாஸைவிட ஒரு நூல் உசரமா நிக்கட்டும், இடிபட்டா சட்டத்தோட போகும். உள்பக்கம் மேட் கருப்பு அடிங்க. பளபளப்பு வார்னிஷ் அடிச்சா இடைவெளியில வெளிச்சம் பட்டு மின்னும், ஓவியம் மிதக்கற தோற்றமே போயிடும்.

பனிமூட்டம்:
நானும் மலைதாங்க. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) சட்டம் மட்டும் வேணவே வேணாம், ஈரம் குடிச்சு உப்பிடும். இன்னொண்ணு, கேன்வாஸைப் பசை போட்டு ஒட்ட விட்டுடாதீங்க. பின்னாலிருந்து திருகு மட்டும்தான். துணி தொய்ஞ்சா கட்டை மூலையில இருக்கற ஆப்பை லேசா தட்டி இறுக்கணும். ஃப்ளோட்டர் சட்டத்தோட அடிப்பலகை அந்த ஆப்பை மறைச்சிடும், கழட்டினாதான் கை போகும். சட்டத்தோட பின்பக்கம் நாலு மூலையிலும் ரப்பர் பொட்டு ஒட்டுங்க. சுவரோட ஒட்டி நின்னா பூஞ்சை வரும்.

செவ்வரளி:
என்கிட்ட இருக்கறது பேப்பர்ல வாட்டர்கலர். அதுக்கும் இது ஆகுமா?

பனிமூட்டம்:
ஆகாதுங்க. பேப்பருக்குக் கண்ணாடி வேணும். அந்தக் கடைக்காரரை உங்களுக்குத்தான் அனுப்பணும் :)

மலைக்காப்பி:
சில்வர் ஓக் போன கோடை விழாவுக்கு முன்னாடி வெட்டினது, ஷெட்ல நடுவுல ரீப்பர் வெச்சு அடுக்கியிருக்கு. காஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஆசாரிகிட்ட அறுக்கற மெஷினும் இல்ல, கை ரம்பம்தான்.

இழைப்புளி:
பலகையோட நடுவுல ஒரு துண்டு நறுக்கி, ஓவியம் மாட்டப்போற அறையிலயே வைங்க. வாரம் ஒருதரம் சமையல் தராசுல எடை போடுங்க. எடை குறையறது நின்னுட்டா தைரியமா அறுக்கலாம், தேக்குக்குக் காசு வேணாம். கோணல் இல்லாத, முடிச்சு இல்லாத துண்டாப் பொறுக்குங்க.

அடிப்பலகை அரை அங்குலம்னா திருகு ஒண்ணேகால் அங்குலத்துக்கு மேல போகக்கூடாது. கட்டைக்குள்ள முக்கால் அங்குலம் ஏறினா போதும், நீண்டா முன்பக்கம் துணியைக் குத்திடும். முதல்ல சின்னதா துளை போட்டுட்டுத் திருகச் சொல்லுங்க.

கை ரம்பம் தாராளமா போதும்க்கா. 45 டிகிரியில அறுத்துட்டு இழைப்புளியால ஒரு இழுப்பு. நாலு மூலையும் பசை போட்டுச் சேர்த்ததும் மூலைக்கு மூலை குறுக்கே ரெண்டு பக்கமும் டேப் பிடிச்சுப் பாருங்க. ரெண்டு அளவும் ஒண்ணா வந்தப்புறம் பசை காய விடுங்க.