நர்டில்: குருணை வேண்டாம், மூலமணி?

வணக்கம்.

நர்டில் (nurdle) என்பது பிளாஸ்டிக் பொருள்களுக்கு மூலப்பொருளான சிறு உருண்டை. அதற்குத் தமிழில் 'நெகிழிக் குருணை' என்று போன வாரம் நான்தான் எழுதினேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பயறு அளவே உள்ள இந்த உருண்டைகளை உருக்கித்தான் வாளி, நாற்காலி, பை எல்லாம் செய்கிறார்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் சுமார் 1,680 டன் இருந்தது. நீர்கொழும்புப் பக்கம் சரக்குவாக் கரையில் அது வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியதும் அதிலிருந்த நர்டில் குமரி மாவட்டக் கரை வரை வந்து ஒதுங்கியது.

செய்திகளில் 'துகள்' என்றே எழுதுகிறார்கள். இலங்கைப் பாடநூல் தமிழில் 'துணிக்கை'. துகள் என்றதும் ஏதோ ஒன்று தேய்ந்து உதிர்ந்தது என்றுதான் தோன்றும். யாரோ வீசிய குடம் வெயிலில் இற்று நொறுங்கினால் அது துகள், சரி. நர்டில் அப்படியில்லை. அதை யாரும் பயன்படுத்தவில்லை, வீசவும் இல்லை. இன்னும் பொருளாகவே ஆகாத புதுச்சரக்கு அது. துகள் என்று சொல்லிவிட்டால் பழி கரையில் குப்பை போடுகிறவர்மேல் போய்விடும். சரக்கை ஏற்றியவர் பேச்சிலேயே வரமாட்டார். எனக்கு இதுதான் பெரிய குறை.

குருணையும் நொறுங்கிய அரிசிதானே என்று இங்கே ஒருவர் கேட்டார். வயலில் போடும் குருணை மருந்து நொறுங்கியதா என்று பதில் சொல்ல நினைத்தேன். ஆனால் வீட்டில் குருணை என்றால் நொய்தான். யாழ்ப்பாணத்துக் குறுணலும் அதுவே. அவர் சொன்னதுதான் சரி.

அப்புறம் 'நெகிழிமணி' என்று யோசித்தேன். நெல்மணிபோல முழுசானது என்பது அதில் வந்துவிடுகிறது. ஆனால் கழுத்தில் கோத்துப் போடும் பிளாஸ்டிக் மணியோடு குழம்பும். எனவே மூலப்பொருளில் உள்ள மூலத்தைச் சேர்த்து 'மூலமணி' என்கிறேன். கட்டுரையில் முதல் தடவை மட்டும் 'நெகிழி மூலமணி' என்று விரித்து எழுதலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். "மணலைச் சலித்து மூலமணியைப் பிரித்தார்கள்." "தீயில் உருகி ஒட்டிய மூலமணிக் கட்டிகள்." "மீன்முட்டை என்று நினைத்துக் கடற்பறவை மூலமணியை விழுங்கிவிடுகிறது." எங்கும் இடறவில்லை.

கப்பலில் மட்டுமல்ல, ஆலையிலும் துறைமுகத்திலும் ஏற்றி இறக்கும்போதும் இது சிந்துகிறது. அதற்கு 'மூலமணிச் சிந்தல்' போதும். கசிவு வேண்டாம், அது எண்ணெய்க்கு.