முதலீட்டாளர் சம்மதத்தை இழுத்தடித்தால் புதுப் பங்கு வெளியிடலாமா?

பம்பலப்பிட்டி_மென்பொருள்:
எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பனியில் மொத்தம் 80 இலட்சம் பங்குகள். நிறுவுநர்கள் இருவருக்கும் 60%, வென்ச்சர் நிதியத்துக்கு (வளரும் கம்பனிகளில் பணம் போடும் முதலீட்டு நிறுவனம்) முன்னுரிமைப் பங்காக 25%, மிச்சம் சிறு பங்குதாரர்களிடம். பணிப்பாளர் சபையில் நாங்கள் 2, அவர்கள் 2, சுயாதீனப் பணிப்பாளர் 1. கையிருப்பு நான்கு மாதச் சம்பளத்துக்குத்தான் காணும். பங்கு 50 ரூபா வீதம் 50 மில்லியன் போட ஒருவர் தயார். நிதியம் வாங்கியது 100 ரூபாவுக்கு. புதுப் பங்குக்கு அவர்கள் சம்மதம் வேண்டும் என்று நிபந்தனை, கேட்டால் இப்போது பதிலே வருவதில்லை. பெரும்பான்மையை வைத்து வெளியிட்டுவிடலாமா? 'பேட் லீவர்' (தவறு செய்து விலகுபவரின் பங்கைக் குறைந்த விலைக்குத் திரும்ப எடுக்கும் விதி) என்று எங்கள் பங்கை எடுப்பார்கள் என்றும் பேச்சு.

புதுக்கடை_சட்டம்:
வெளியிட வேண்டாம். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 53ஆம் பிரிவுப்படி, ஆர்ட்டிகல்ஸ் (கம்பனியின் உள்விதிகள்) வேறு விதமாகச் சொல்லாவிட்டால், சம உரிமையுள்ள புதுப் பங்கை ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கே விகிதப்படி முதலில் கொடுக்க முன்வர வேண்டும். நிதியத்தின் பங்கு வகுப்பு உரிமையைப் பாதித்தால் 99ஆம் பிரிவுப்படி அந்த வகுப்பின் விசேட தீர்மானமும் தேவை.

சம்மத நிபந்தனை எங்கே எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆர்ட்டிகல்ஸில் இருந்தால் கம்பனியையே கட்டும். பங்குதாரர் ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தால் ஒப்பமிட்டவர்களை மட்டும் கட்டும். ஆனாலும் 224ஆம் பிரிவில் ஒடுக்குமுறை என்று மனுப்போட 5% வாக்குரிமை ஆறு மாதம் இருந்தால் போதும். வர்த்தக மேல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கிடைத்தால் புது முதலீட்டாளர் காசை நிறுத்திவிடுவார். நீங்கள் அஞ்ச வேண்டியது தோல்வியை அல்ல, அந்தத் தாமதத்தைத்தான்.

கொட்டாஞ்சேனை_கணக்கு:
அவர்கள் மௌனத்துக்குக் காரணம் விலை என்றே படுகிறது. விலைச்சரிவுப் பாதுகாப்பு (பிறகு குறைந்த விலைக்குப் பங்கு வெளியிட்டால் பழைய முதலீட்டாளருக்குக் கூடுதல் பங்கு கிடைக்கும் விதி) எந்த வகை என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். சராசரி முறை என்றால் மாற்று விலை (முன்னுரிமைப் பங்கு சாதாரண பங்காக மாறும் விலை) 100 × 85/90 = 94.44 ரூபா. 85 என்பது இப்போதுள்ள 80 இலட்சத்தோடு, 50 மில்லியனுக்குப் பழைய 100 ரூபா விலையில் கிடைத்திருக்கும் 5 இலட்சம்; 90 என்பது உண்மையில் வெளியிடும் 10 இலட்சத்தோடு. அவர்களின் 20 இலட்சம் பங்கு ஏறத்தாழ 21.18 இலட்சமாகும், புது 10 இலட்சத்தோடு நீங்கள் 52.6% ஆவீர்கள். 'ஃபுல் ராட்செட்' (மாற்று விலை முழுதாகப் புது விலைக்கே இறங்கும் முறை) என்றால் அவர்கள் 40 இலட்சம், நீங்கள் 43.6%. பெரும்பான்மையே போய்விடும்! ஆகவே சம்மதத்தோடு, இந்தச் சுற்றுக்கு மட்டும் சரிவுப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் கடிதத்தையும் கேளுங்கள். பதிலுக்கு, இதே விலையில் தங்கள் விகிதத்துக்குப் போடும் உரிமையைக் கொடுங்கள்.

பம்பலப்பிட்டி_மென்பொருள்:
நன்றி. 'பேட் லீவர்' விஷயம்?

புதுக்கடை_சட்டம்:
பணிப்பாளர், பிரதம நிறைவேற்று அதிகாரி என்ற இரண்டு பதவிகளையும் பிரித்துப் பாருங்கள். பணிப்பாளரை 206ஆம் பிரிவில் நீக்கச் சாதாரண தீர்மானம் வேண்டும். 25% வைத்துத் தனியே முடியாது. ஆனால் 'பேட் லீவர்' விதி பெரும்பாலும் வேலை நீக்கத்தோடுதான் கட்டப்பட்டிருக்கும். பிரதம நிறைவேற்று அதிகாரியை நீக்குவது பணிப்பாளர் சபை. அங்கே 2க்கு 2 நிற்க, சுயாதீனப் பணிப்பாளரின் ஒரு வாக்குத்தான் தீர்மானிக்கும். எனவே அவருக்கும் எல்லாம் எழுத்தில் போகட்டும்.

இன்றே கடிதம் அனுப்புங்கள்: ஒப்பந்த வாசக இலக்கம், 13 வாரக் காசோட்டம் (வரவு செலவு முன்மதிப்பீடு), புது முதலீட்டாளரின் நிபந்தனைகள், பதிலுக்கான திகதி. அறிவித்தல் வாசகத்தில் உள்ள முகவரிக்கே அனுப்புங்கள், வாட்ஸ்அப் கணக்கில் வராது. நிதியம் நியமித்த பணிப்பாளரும் 187ஆம் பிரிவுப்படி கம்பனியின் நலனுக்கே செயற்பட வேண்டும். காசு தீரப்போவதை அவர் அறிந்தே இருந்தார் என்பதைச் சபைக் கூட்டக் குறிப்பில் பதிய வையுங்கள்.

தெஹிவளை_செயலாளர்:
தாய்க்கம்பனி சிங்கப்பூரில் என்றால் மேலே சொன்ன பிரிவுகள் அங்கே செல்லாது. அந்நாட்டுச் சட்டமும் ஒப்பந்தத்தின் நடுத்தீர்ப்பு வாசகமுமே பேசும். அதை முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.