நத்தாரைத் தவிர்க்க நினைத்த லூதர்: இந்த நாவலோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவம் என்ன?

வலிகாமத்து வாசகி:

ஜோன் கிரிஷாம் 2001ஆம் ஆண்டில் எழுதிய ‘ஸ்கிப்பிங் கிறிஸ்மஸ்’ நாவலை எங்கள் வாசகர் வட்டம் இந்த மார்கழிக்கு எடுத்துக்கொண்டது. கதை இங்கே பலருக்குத் தெரியும். மகள் பெரு நாட்டுக்குப் போய்விட்டாள், போன நத்தாருக்கு 6,100 டொலர் செலவாகியிருக்கிறது, ஆகவே இந்த முறை மரமும் வேண்டாம் விருந்தும் வேண்டாம், கப்பலேறிக் கரிபியன் கடலுக்குப் போவோம் என்று லூதர் கணக்குப் பார்த்து முடிவெடுக்கும் இடம்வரை எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். கூரையில் பனிமனிதனை ஏற்ற மறுத்ததற்காகத் தெரு முழுவதும் அவருக்கு எதிராகத் திரும்பும் பகுதியை ஒருவர் உரக்க வாசித்தபோது, எங்களில் மூத்தவரான, ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர், புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். “இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? தன் வீட்டில் விளக்குப் போடாமல் இருப்பதற்குக்கூட ஒரு மனிதன் ஊரிடம் உத்தரவு வாங்க வேண்டுமா?” என்று கேட்டார். அதன்பின் அன்று வாசிப்புத் தொடரவில்லை.

எனக்கு இந்த நாவல் மிகவும் பிடிக்கும். இருநூறு பக்கத்துக்குள் இத்தனை கலகலப்பாக ஒரு தெருவையே கண்முன் நிறுத்துவது எளிதான காரியமல்ல. ஆனால் ரீச்சரின் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. வாசித்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

கரையூர் வாசகன்:

அப்பா காலமான வருடத்தில் நான் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒவ்வொரு பந்தியாக நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அவர் பயறு புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். துக்க வருடத்தில் எங்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை என்பதையும், அந்தப் பயறுகூட வேறொரு வீட்டுப் பணியாரத்துக்குத்தான் போனது என்பதையும் நான் விளக்கத் தேவையில்லை.

கரோல் பாடுபவர்கள் லூதரின் இருண்ட வீட்டின் முன் நின்று பாட, அவர் உள்ளே ஒளிந்துகொள்ளும் இடம் வந்தபோது அம்மாவின் கையில் சுளகு அப்படியே நின்றுவிட்டது. “வாசலுக்கு வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு ஒளிந்திருக்கிறானா? இவனுக்கு என்ன, வீட்டில் செத்தவீடா?” என்று கேட்டார். பிறகு, லூதர் கூரையிலிருந்து தொங்கும் பகுதியில் அப்பா போனபின் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

நத்தார் அன்று காலை அயல் வீடுகளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகள் வந்தன. பயற்றம் பணியாரமும் ரிச் கேக்கும் கொண்டு வந்தவர்களில் பாதிப்பேர் சைவக்காரர். அதனால்தான் சொல்கிறேன், ரீச்சர் அம்மா அந்தத் தெருவைத் தவறாக விளங்கிக்கொண்டார். கடைசியில் லூதரின் வீட்டுக்கு விருந்தைச் சுமந்து வந்தவர்களும் அவர் வெறுத்த அதே அயலவர்கள்தான்.

சுன்னாகம் தங்கை:

கரையூர் அண்ணாவின் அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் அண்ணா சொன்ன நியாயத்தோடு நான் உடன்படவில்லை. துக்கம் என்றால் ஊர் ஒதுங்கி நின்று தட்டும் கொண்டுவரும். துக்கம் இல்லாமல், வசதியில்லை என்றோ விருப்பமில்லை என்றோ ஒரு வீடு சொன்னால் அதே ஊர் என்ன செய்கிறது என்பதுதான் இந்த நாவலின் முதல் பாதி.

2022ஆம் ஆண்டில் சீனியும் மாவும் முட்டையும் என்ன விலை விற்றன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வருடம் புது உடுப்பும் கேக்கும் வேண்டாம் என்று வீட்டில் முடிவெடுத்தோம். கரோல் குழு எங்கள் ஒழுங்கைக்குள் வரும் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து விறாந்தை விளக்கை நிறுத்தினார். வெளியே கித்தார் ஒலிக்க, படலைக்கு அப்பால் பிள்ளைகள் “ஐயா, ஐயா” என்று கூப்பிட, அப்பா கதவுக்குப் பின்னால் கதிரையில் அசையாமல் இருந்தார். உண்டியலில் போடுவதற்கு அவரிடம் தாள் காசு இருக்கவில்லை, சில்லறை போடுவதற்கு மனம் இடம் கொடுக்கவில்லை. மூன்று பாட்டுப் பாடி முடித்துவிட்டுத்தான் அவர்கள் போனார்கள்.

அதன் பிறகுதான் இந்த நாவல் என் கையில் கிடைத்தது. லூதர் ஒளியும் பக்கத்தை எழுத்தாளர் சிரிப்புக்காகவே எழுதியிருக்கிறார் என்பது விளங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரீச்சர் அம்மா கேட்டது முழுக்கச் சரியான கேள்வி.

நல்லூர் பெரியவர்:

நான் இதைக் கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில், கிரிஷாம் என்ற பெயரைக் கண்டு, வழக்கு நாவல் என்று எண்ணி வாங்கினேன். ரயிலில் விடிய விடிய வாசித்தும் நீதிமன்றம் வரவில்லை. அடுத்த ஆசனத்திலிருந்த பிள்ளை “என்ன ஐயா தேடுகிறீர்கள்?” என்று கேட்டது மட்டும் நினைவில் நிற்கிறது.

வலிகாமத்துத் தங்கச்சி, நீங்கள் நூலை வாசித்த முறையை மாற்றிப் பார்க்கலாம் என்பது என் கருத்து. எழுத்தாளர் முன்னாள் வழக்கறிஞர். நீதிமன்றம் இல்லாவிட்டாலும் இந்தக் கதையில் குற்றச்சாட்டு இருக்கிறது, சாட்சிகள் இருக்கிறார்கள், தெரு தீர்ப்பும் சொல்கிறது. ஆகவே கூட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதல் அமர்வை, மகள் மயாமியிலிருந்து தொலைபேசி எடுத்து, வருங்காலக் கணவனோடு அன்றிரவே வீட்டுக்கு வருவதாகச் சொல்லும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். லூதர் பக்கம் யார், தெருவின் பக்கம் யார் என்று அப்போதே ஒவ்வொருவரும் எழுதி வைக்கட்டும். இரண்டாம் அமர்வில் முடிவை வாசித்த பிறகு, அதே தாளை எடுத்துப் பார்க்கட்டும். 2004இல் வந்த திரைப்படத்தை முன்கூட்டியே காட்டாதீர்கள். அதைப் பார்த்தவர்களுக்கு லூதர் என்றால் நடிகர் டிம் ஆலனின் முகம்தான் தெரியும், நாவலில் உள்ள கணக்காளர் தெரியமாட்டார்.

சுன்னாகம் பிள்ளைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கரோல் குழு எந்த ஒழுங்கைக்கு எந்த நாளில் போவது என்று முன்னதாகவே பட்டியல் போடும். அந்த நேரத்தில் இளைஞர்களுக்குப் பொறுப்பானவரிடம் “எங்கள் வீட்டில் பாடுங்கள், உண்டியல் நீட்ட வேண்டாம்” என்று நேரே சொல்லிவிடலாம். விளக்கை நிறுத்த வேண்டிய தேவை வராது.

வட்டுக்கோட்டை ஊழியர்:

எல்லோரும் தெருவைப் பற்றியே கதைக்கிறீர்கள். திருவருகைக் காலத்தில் எங்கள் வாலிபர் கூட்டத்தில் இதன் சுருக்கத்தைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, “ஐயா, இதில் பாலன் எங்கே பிறக்கிறார்?” என்று கேட்டான். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பொலிஸ்காரர் விற்கும் நாட்காட்டி, தீயணைப்புக்காரர் விற்கும் கேக், கூரைப் பொம்மை என்று எல்லாம் நிறைந்திருக்கும் கதையில் குடிலுக்கு ஏறக்குறைய இடமே இல்லை என்பது நாவலின் பெரிய குறை என்றே அன்று நானும் நினைத்தேன்.

ஆனால் கடைசி அத்தியாயத்தை மீண்டும் வாசித்தேன். தெருவில் தனக்குச் சற்றும் ஒத்துவராத வோல்ட் ஷீலின் வீட்டுக்கு லூதர் நடந்து போகிறார். வோல்ட்டின் மனைவிக்குப் புற்றுநோய் திரும்ப வந்திருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுக் காத்த கப்பல் பயணத்தை அந்த இருவருக்கும் கொடுத்துவிடுகிறார். முதலில் அவர்கள் நம்பவில்லை, வாங்கத் தயங்குகிறார்கள். அந்தப் பையனுக்குப் பதில் இந்த இடத்தில் இருக்கிறது என்பதே என் எண்ணம். கரையூர் தம்பியும் சுன்னாகம் தங்கச்சியும் இதைத் தொடவே இல்லை. விருந்தை அயலவர்கள் கொண்டுவந்தது பெரிதுதான், ஆனால் அது மகளுக்காக. லூதர் கொடுத்ததை எவரும் அவரிடம் கேட்கவில்லை.

ரொறன்ரோவிலிருந்து ஒரு மகள்:

நான்தான் அந்த மகள். திடீரென்று லீவு கிடைத்தது, அம்மாவையும் அப்பாவையும் ஆச்சரியப்படுத்தலாம் என்று 24ஆம் திகதி மானிப்பாய் வீட்டுப் படலையில் போய் நின்றேன். குடில் இல்லை, நட்சத்திரக் கூடு இல்லை. விறாந்தையில் இரண்டு பயணப்பைகள். மறுநாள் பலாலியில் விமானமேறி, சென்னை வழியாக வேளாங்கண்ணிக்குப் போக இருந்தார்கள். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்பா ஒன்றும் சொல்லாமல் பைகளை அறைக்குள் எடுத்துப் போய், கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்து, “பிள்ளைக்கு ஒரு மரம் வெட்டிக்கொண்டு வாறன்” என்று கத்தியைத் தேடினார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மழையில் போய்ச் சவுக்கங்கொப்பு ஒன்றோடு வந்தார்.

நாவலில் லூதரின் மனைவி நோரா தொலைபேசியில் உண்மையைச் சொல்லவில்லை. வழக்கம்போல விருந்து இருக்கிறது என்று மகளிடம் சொல்லிவிட்டு, அதன்பின் கணவனையும் தெருவையும் ஓடவைக்கிறாள். எல்லோரும் லூதரா தெருவா என்று வாதிடுகிறீர்கள். “நாங்கள் இந்த முறை பயணம் போகிறோம், நீயும் வா” என்று சொன்னால் மகள் பிளேயர் மனம் உடைந்து போய்விடுவாளா? வளர்ந்த பிள்ளைகளை இப்படி நினைப்பதுதான் எனக்கு இந்தக் கதையில் ஆறாத கோபம். நான் அவர்களோடு வேளாங்கண்ணிக்குச் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

சுன்னாகம் தங்கை:

நல்லூர் ஐயா, உங்கள் அக்கறைக்கு நன்றி. காசில்லை என்பதை முன்கூட்டியே போய்ச் சொல்ல முடிந்திருந்தால் அப்பா விளக்கை நிறுத்தியிருக்கமாட்டார். அதைச் சொல்வதுதான் அவருக்கு இயலாமல் இருந்தது. இதற்கு வீடு முன்வந்து கேட்க வேண்டியதில்லை, உண்டியலைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டுப் பாட வரலாம் என்று குழு தானாகவே தீர்மானிக்கலாம்.

ரொறன்ரோ அக்கா எழுதியதை ரீச்சர் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், வலிகாமத்து அக்கா. நோராவைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று அறிய எனக்கு விருப்பம்.